பல்லைக் கடித்துக்கொண்டு

காதுவலி என்று நினைத்துத்தான் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். 2024 டிசம்பர் கடைசி. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. மழை விட்டதே என்று மூச்சு விடுவதற்குள், சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, கடலூருக்கு வடக்கே ஆற்றோரம் இருக்கும் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். அது வடிந்த பிறகு சேறு அள்ளினோம், ஊறிப்போன மெத்தையைத் தெருவில் தூக்கிப் போட்டோம், நிவாரணத்துக்கு ரேஷன் கடையில் நின்றோம். எல்லாம் ஒரு வழியாக ஓய்ந்தது என்று நினைத்த வாரத்தில்தான் வலி வந்தது. வலது காதுக்கு முன்னால் மந்தமான ஒரு வலி. காலையில் பல் துலக்க வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம். தோசையை மெல்லும்போதே கன்னம் களைத்துப் போனது.

காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காதுல ஒண்ணும் இல்லைங்க, தாடையா இருக்கும், பல் டாக்டரைப் பாருங்க" என்றார். பல் மருத்துவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார், சொத்தை இல்லை என்றார். பிறகு இரண்டு கன்னத்திலும் விரலை வைத்து அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வெளியில உட்கார்ந்திருந்தீங்களே சார், அப்ப மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கிட்டு இருந்துச்சா?"

"வாய் மூடியிருந்தா பல்லு தொட்டுக்கிட்டுத்தானே இருக்கும்?"

"இல்லைங்க. உதடு மூடியிருக்கலாம். பல்லு தொடக் கூடாது."

நாற்பத்திரண்டு வயது வரைக்கும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. படிக்கும் உங்கள் பற்கள் இப்போது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று ஒரு நொடி பாருங்கள்.

சும்மா இருக்கும்போது மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும்தான் பற்கள் சந்திக்கின்றன. அந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்குச் சுமார் இருபது நிமிடம்தான் வரும். மிச்ச நேரம் முழுக்கத் தாடைக்கு ஓய்வு. அந்த ஓய்வில் மணிக்கணக்காக லேசாகப் பல்லோடு பல் வைத்துக்கொண்டிருந்தால்கூடப் போதும், தசை வலிக்கும். பலமாகக் கடிக்க வேண்டும் என்பதே இல்லை. அரைக் குடம் தண்ணீர் பெரிய கனமில்லை. ஆனால் அதை இடுப்பில் வைக்காமல், கையில் தொங்கவிட்டபடி குழாயடியில் மூன்று மணி நேரம் நின்று பாருங்கள்.

வலிக்கிற இடத்தைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். கன்னத்தின் பின்பக்கம், தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே நான்கு விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். உருண்டையாக ஒன்று புடைத்து எழும். அதுதான் மெல்லுவதற்கான முக்கியத் தசை. இப்போது விரலை நெற்றிப்பொட்டுக்கு மாற்றி மறுபடி கடியுங்கள். அங்கேயும் துடிக்கும். தலையின் பக்கவாட்டில் விசிறி மாதிரி விரிந்திருக்கும் இன்னொரு மெல்லுதசை அது. பொட்டு வலிக்கிறது, ஒற்றைத் தலைவலியோ என்று மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் பலருக்குக் காரணம் இந்தத் தசையாக இருக்கிறது. தாடை மூட்டு இருப்பது காதுத் துளைக்கு ஒட்டி முன்னால். சுண்டு விரலைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் அது நகர்வது விரலில் தெரியும். கதவுக் கீல் போல் திரும்பும், அதோடு முன்னும் பின்னும் சறுக்கவும் செய்யும். நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்ன வட்டு. அந்த வட்டு இடம் பிசகித் திரும்ப ஏறும்போது கேட்பதுதான் அந்த 'டக்'. வலி இல்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை.

முகம், பல், தாடை, நெற்றிப்பொட்டு எல்லாவற்றிலிருந்தும் உணர்வைக் கொண்டுபோவது ஐந்தாவது மூளை நரம்பு. எல்லாச் சேதியும் ஒரே வழியாகப் போவதால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மூளைக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. கன்னத்துத் தசை வலித்தால் கடைவாய்ப் பல் வலிப்பதுபோல இருக்கும், காது அடைத்ததுபோலவும் இருக்கும். 1934-லேயே ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், காதுவலி என்று வந்தவர்கள் சிலரிடம் தாடைப் பிரச்சினையைப் பார்த்து எழுதிவைத்தார். அவர் சொன்ன காரணங்களைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை, ஆனாலும் நோயாளி காதைக் காட்டிக்கொண்டு வருவது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டார். வலி போகவில்லை. அடுத்த பல்லுக்கும் செய்தார். அப்போதும் போகவில்லை. மூன்றாவது இடத்தில்தான் ஒருவர் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். எந்தப் பல் என்று உங்களாலேயே உறுதியாகக் காட்ட முடியவில்லை, படத்திலும் ஒன்றும் தெரியவில்லை என்றால், அவசரப்பட்டுப் பல்லில் கைவைக்கச் சம்மதிக்காதீர்கள்.

சரி, இதில் மன அழுத்தம் எங்கே வருகிறது?

தமிழில் கஷ்டத்தைத் தாங்குவதற்கு நாம் சொல்லும் சொல்லே 'பல்லைக் கடித்துக்கொண்டு இரு' என்பதுதான். 'நறநறவென்று பல்லைக் கடித்தான்' என்றால் கோபம் என்று குழந்தைக்கும் புரியும். இது வெறும் சொல்லலங்காரம் இல்லை, உடம்பைக் கவனித்தவர்கள் சொன்ன சொல். ஆபத்து என்று தோன்றியதும் மூளை எச்சரிக்கை மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. கழுத்தும் தோளும் தாடையும் இறுகும். ஆபத்து பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டால் தசையும் தளர்ந்துவிடும். தீராத ஆபத்துதான் சிக்கல். கார்ட்டிசால் என்ற சுரப்பு நாள்கணக்கில் ஏறியபடி இருக்கும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் அளவு குறையும். அதாவது அதே இறுக்கம், முன்பு தெரியாதது, இப்போது வலியாகத் தெரிகிறது. வலியே புதுக் கவலையாகிறது, அந்தக் கவலையில் மறுபடியும் கடிக்கிறோம்.

எங்கள் கடற்கரைக்கு இந்தத் தீராத ஆபத்து நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015 வெள்ளம். இப்போது ஃபெஞ்சல். ஐப்பசி பிறந்தால் போதும், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சிவப்பு எழுத்து ஓட ஆரம்பித்ததுமே வீட்டில் பேச்சு குறைந்துவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தேவனாம்பட்டினத்தில் கடனை எண்ணிக்கொண்டு படகுக்கு வண்ணம் அடிப்பவருக்கும், மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டத் தவணைத் தேதி பார்ப்பவருக்கும், வடிவம் வேறு, தாடை ஒன்றுதான். இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. கொரோனா காலத்தில், 2021-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் கேட்டபோது, பத்தில் ஏழு மருத்துவர்கள் பல் கடிப்பவர்கள் அதிகமாகிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் மனத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வலியோடு போகிறவரிடம் "டென்ஷனைக் குறைங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த அறிவு வளர்ந்த கதையே வளைந்து வளைந்துதான் வந்திருக்கிறது. 1907-ல் மரி, பியெட்கெவிச் என்ற இருவர் பிரெஞ்சில் இதற்கு 'ப்ரக்சோமனி' என்று பெயர் வைத்தார்கள். பல் கடிப்பதை மனநோயாளிகளின் பழக்கமாகப் பார்த்த பெயர் அது. அப்புறம் 1961-ல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ராம்ஃப்யோர்ட் என்ற பல் மருத்துவர், பற்கள் சரியாகப் பொருந்தாததே காரணம் என்றார். உயரமான இடத்தைத் தேய்த்துச் சமன்செய்தால் கடிப்பது நின்றுவிடும் என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகள் நீடித்தது. எத்தனையோ பேருடைய நல்ல பற்கள் அதில் தேய்க்கப்பட்டன. இன்று அந்தக் கருத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். கடிக்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வருகிறது, பல் அதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். 2018-ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து இதைத் தெளிவாகவே எழுதினார்கள்: விழிப்பில் கடிப்பது வேறு, உறக்கத்தில் கடிப்பது வேறு. மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கு இரண்டுமே நோய் அல்ல, தசையின் ஒரு நடத்தை.

மன அழுத்தத்தோடு நெருங்கிய உறவு இருப்பது விழிப்பில் கடிப்பதற்கு. அது பெரும்பாலும் சத்தமில்லாத இறுக்கம். 2013-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்களில் 22 முதல் 31 சதவீதம் பேரிடம் இது இருந்தது. உறக்கத்தில் அடிக்கடி கடிப்பவர்கள் சுமார் 13 சதவீதம். உறக்கத்தில் நடப்பது வேறு மாதிரி. ஆழமில்லாத தூக்கத்தில் மூளை சில நொடிகள் லேசாக விழிக்கிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது, அதன் பின்னாலேயே தாடைத் தசை தாளம் போட ஆரம்பிக்கிறது. நம்மைக் கேட்டு நடப்பதில்லை. பல தடவை சத்தமும் வராது. மன அழுத்தம் தூக்கத்தைக் கலைத்து இதை அதிகமாக்கலாம், ஆனால் அது ஒன்றே காரணம் இல்லை. ராத்திரி குடிக்கும் மது, புகை, நிறைய டீ காபி, நெஞ்செரிச்சல், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் சேரும். மாத்திரையால்தான் என்று சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அவர் தூங்கினால் கல்லில் கல் உரசுவது போலச் சத்தம் வரும், அண்ணி எழுந்து கூடத்துக்குப் போய்ப் படுப்பார். ஷிஃப்ட் டென்ஷன் என்றே எல்லாரும் சொன்னோம். அண்ணிதான் கவனித்தார்: முதலில் குறட்டை, அது சட்டென்று நிற்கும், மூச்சே இல்லாததுபோல ஓர் இடைவெளி, பிறகு ஒரு திணறல், அதோடு நறநற. சோதித்தபோது தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு என்று தெரிந்தது. அதற்கு வைத்தியம் ஆரம்பித்த பிறகுதான் அந்த வீட்டில் இரண்டு பேருமே தூங்கினார்கள். பல் கடிக்கும் சத்தத்தோடு குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், அதை வெறும் மன அழுத்தம் என்று ஒதுக்காதீர்கள்.

குழந்தைகள் விஷயம் ஒரு வார்த்தை. பிள்ளை தூக்கத்தில் பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் வீடுகளில் உடனே மாத்திரை தேடுவோம். பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு உண்டென்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது. குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகமாகவே கடிப்பார்கள், வளர வளரப் பெரும்பாலும் தானே குறையும்.

இன்னொன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதிகம் கடிப்பவருக்குத்தான் அதிகம் வலிக்கும் என்றில்லை. பல் பாதி தேய்ந்து, உள்ளிருக்கும் மஞ்சள் பகுதி தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு. பல் முத்துப் போல இருந்தும் வலியில் துடிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கூட்டம். ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். பல்லின் மேற்பூச்சான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள், போனால் திரும்ப முளைக்காது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அலை அலையான தடம், குளிர்ந்த தண்ணீருக்குக் கூச்சம், காரணமில்லாமல் உடைந்த பழைய அடைப்பு, இவையெல்லாம் கண்ணாடி முன்னால் நின்றே பார்க்கக்கூடியவை. வலி காலையில் எழும்போது அதிகமா, சாயங்காலம் ஆக ஆக ஏறுகிறதா என்பதும் முக்கியம். காலை வலி இரவைக் காட்டுகிறது, மாலை வலி பகலை. எனக்கு இரண்டும் இருந்தது, மாலையில்தான் அதிகம்.

பகலில் எப்போது கடிக்கிறேன் என்று கண்டுபிடிக்க மருத்துவர் ஒரு வழி சொன்னார்: அடிக்கடி கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன். ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொண்டேன். ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம். கண்டக்டர் குரல் கேட்டதும் பல்லைப் பார்ப்பேன். முதல் நாள் ஏழு இடத்தில் ஆறில் பல் இறுகியிருந்தது. மொபைலில் அலுவலக வாட்ஸ்அப் பார்த்தபோதெல்லாம் கூடுதலாக. மரப்பாலம் நெரிசலில் சொல்லவே வேண்டாம். எனக்கு அது பழக்கம் என்றே அதுவரை தெரியாது.

இறுகியிருந்தால் என்ன செய்வது? இங்கே தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. 'ந்' என்று சொல்லுங்கள், நாக்கு பல்லைத் தொடும். 'ண்' என்று சொன்னால் மேலே மடங்கும். 'ன்' என்று சொல்லுங்கள். நுனிநாக்கு மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் மேட்டில் போய் உட்காரும், பற்கள் தானாக விலகியிருக்கும். நாக்கு அப்படியே இருக்க, உதட்டை மட்டும் மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். தாடை ஓய்வாக இருக்கவேண்டிய நிலை அதுதான். ஊர்ப் பெயர் கேட்டதும் ஒரு 'ன்', தோளைத் தளர்த்தி இரண்டு மூச்சு. மூன்றாவது வாரத்தில் மாலை வலி பாதியானது.

வலி அதிகமாக இருந்த நாட்களில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தேன். கரும்பு, முறுக்கு, பனங்கிழங்கு எல்லாவற்றையும் அந்தப் பொங்கலுக்கு விட்டுவிட்டேன். கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்கு மேல் டீ இல்லை. இரவுக்குப் பல்லின் அச்செடுத்துச் செய்த நைட் கார்டு என்ற பல்லுறை போட்டேன். அதைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும்: அது கடிப்பதை நிறுத்தாது, கடியைத் தான் வாங்கிக்கொண்டு பல்லைக் காப்பாற்றும். கடையில் கிடைக்கும் ரெடிமேட் கார்டை நீங்களாக மாதக்கணக்கில் போடவேண்டாம், சரியாகப் பொருந்தாதது பற்களை இடம் மாற்றிவிடக்கூடும். பல்லைத் தேய்ப்பது, வரிசையை மாற்றுவது போன்று திரும்ப எடுக்கமுடியாத எதையும் முதல் வைத்தியமாக ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த எளிய வழிகளிலேயே சில வாரம், சில மாதத்தில் குறைகிறது.

மனத்தின் பக்கமும் வேலை இருக்கிறது. தூக்கமே வராமல், கவலை நாள் முழுக்கச் சுழன்றுகொண்டிருந்தால் தாடைக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

சில வலிகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடை வலித்து, நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வீக்கம், காய்ச்சல் இருந்தால் சீழாக இருக்கலாம். இன்னொன்று நம் பகுதியில் நிறையவே இருக்கிறது: பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கமுடியாமல் போவது. நடு மூன்று விரலைச் செங்குத்தாக வைத்தால் வாய்க்குள் போகவேண்டும். போகாமல், காரம் பட்டால் எரிச்சலும் இருந்தால் அது பாக்கினால் வரும் நார்த்தன்மை, புற்றுநோயாக மாறக்கூடியது. அதை மன அழுத்தம் என்று தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

பெரிய செலவு செய்துதான் பார்க்கவேண்டும் என்றில்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி. போவதற்கு முன் ஒரு வாரம் மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள்: எந்த நேரத்தில் வலி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். ஒரே அறையில் படுப்பவர் குறட்டை பற்றிச் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி டிவியில் மறுபடியும் சிவப்பு எழுத்து ஓடியது. அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். தென்பெண்ணை என்ற சொல் வந்ததும் அம்மாவின் கன்னத்தில், காதுக்குக் கீழே, அந்த உருண்டை எழுந்து நின்றதைப் பார்த்தேன். இருபது வருடமாக அம்மாவுக்கு இருக்கும் தலைவலி ஞாபகம் வந்தது.

"அம்மா, பல்லைத் தளர்த்திக்கோங்க" என்றேன்.

"எந்தப் பல்லைடா?" என்று கேட்டார்கள். அதற்குள் உருண்டை அடங்கியிருந்தது.